பலாலி – வவுனியா: வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் 140 கி.மீ. அளவில் வரும். வான்வழித் தூரம் வேறு கணக்கு. அதற்கு ஒரு கல்குலேட்டரும், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி, வவுனியா ஆகிய இரண்டு ஓடுபாதைகளின் அகலாங்கு, நெட்டாங்கும் போதும்.

பலாலி: வடக்கு 9°47.5′, கிழக்கு 80°04.2′.
வவுனியா: வடக்கு 8°44.5′, கிழக்கு 80°29.9′.

கலை (′) என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. இரண்டு அகலாங்குகளையும் கழித்தால் 63 கலை. அதுவே 63 கடல் மைல். நெட்டாங்கு வித்தியாசம் 25.7 கலை. இதை அப்படியே எடுக்கக் கூடாது, துருவத்தை நோக்கிப் போகப்போக நெட்டாங்குக் கோடுகள் நெருங்கும். நடு அகலாங்கான 9.27 பாகையின் கோசைன் 0.987, அதனால் பெருக்க 25.4 கடல் மைல். இனிப் பைதகரஸ்: 63இன் வர்க்கத்தையும் 25.4இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 68 கடல் மைல், 126 கி.மீ.

எங்கள் பக்கத்தில் கோசைனை விட்டாலும் பெரிய பிழை வராது. நோர்வேயின் வடக்கே, பின்மார்க்கில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர் ட்ரொம்சோ–கிர்கெனஸ் தூரத்தை அப்படிப் பார்த்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். அங்கே நெட்டாங்கு வித்தியாசம் 658 கலை, கோசைன் 0.347, உண்மைத் தூரம் 228 கடல் மைல்தான்.

அதிகம் பிழைக்கும் இடம் விகலை (″), அதாவது கலையின் அறுபதில் ஒரு பங்கு. 44′30″ என்பது 44.5 கலை, 44.3 அல்ல. எக்செலில் செய்பவர்கள் பாகையை ரேடியனாக மாற்றாமல் கோசைன் போட்டால் விடை தாறுமாறாக வரும்.

நேரத்துக்கு வருவோம். 150 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு 68 கடல் மைல் 27 நிமிடம். பலாலியிலிருந்து வவுனியாவுக்கான திசை ஏறக்குறைய 158 பாகை. தென்மேற்கிலிருந்து 20 நொட்டில் அடிக்கும் சோளகம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளும். எதிராக நிற்பது 8 நொட் மட்டும், 29 நிமிடமாகும். வடகிழக்கு வாடையில் அதே 8 நொட் பின்னாலிருந்து உதவும். ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாவற்றுக்கும் 15 நிமிடமாவது சேர்க்க வேண்டும்.

குறுந்தூரத்தில் விமானத்தின் உச்ச வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சென்னை–பலாலி 192 கடல் மைல். ஏடிஆர் விமானத்தின் 270 நொட்டால் வகுத்தால் 43 நிமிடம் வரும், அட்டவணையிலோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போட்டிருக்கும். அட்டவணை விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து தரிப்பிடத்தில் நிற்கும்வரை எண்ணுகிறது.

வவுனியா விமானப்படைத் தளம். அங்கே பயணிகளுக்கான அட்டவணைச் சேவை இல்லை. ஆகவே வன்னியிலிருந்து பறக்கிறவர் பலாலிக்குத்தான் போக வேண்டும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கி.மீ. அளவு, அங்கிருந்து பலாலிக்கு இன்னும் 16, 17 கி.மீ. இந்த வீதிப் பயணத்துக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.