வைஃபை மெதுவாக இருக்கிறதா? பிளானை மாற்றும் முன் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

வீட்டில் வைஃபை இழுத்துக்கொண்டு ஓடினால் பலரும் செய்யும் முதல் வேலை, பெரிய பிளானுக்கு மாறுவது. நானும் அதைத்தான் செய்தேன். 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்குத் தாவினேன். மாதம் முழுக்க ஸ்பீடு டெஸ்ட் 94ஐத் தாண்டவே இல்லை. கடைசியில் பார்த்தால், ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கிடந்த ஒரு முழக் கேபிள்தான் வில்லன். இந்த மாதிரி லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. அதில் நான்கை மட்டும் இணைத்திருந்தாலும் நெட் வரும், ஆனால் 100க்கு மேல் போகாது. என்னுடையதில் நான்குதான் இருந்தன. எட்டும் சரியாக இருந்த 'கேட் 5ஈ' கேபிளை மாட்டியதும் தீர்ந்தது.

அளக்காமல் முடிவு கட்டியது என் தவறு. லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேராக இணைத்து ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். அங்கே முழு வேகம் வந்தால் கோளாறு வைஃபையில். அங்கேயே வரவில்லையென்றால் வைஃபையை நோண்டிப் பயனில்லை. கேபிள், போர்ட், வெளி லைன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மலிவு ரவுட்டர்கள் சிலவற்றில் போர்ட்டே (கேபிள் செருகும் துளை) 100 தான். இன்னொன்று: பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடில் பெரும்பாலும் தெரிவது மெகாபைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 100 பிளானில் விநாடிக்கு 12 எம்பி வந்தால் அது முழு வேகம்தான், அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்தது, ரவுட்டரை வைக்கும் இடம். என் கணக்கில் பாதி வீடுகளின் பிரச்சினை இதுதான். ஃபைபர் போட வருபவர் வயர் நுழைகிற இடத்திலேயே, வாசல் கதவுக்கு மேலே, பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் சிக்னலில் பெரும்பங்கு மாடிப்படிக்கும் எதிர்வீட்டுக்கும் போகும். உள்ளறையில் படிக்கிற பிள்ளைக்குப் போகாது. அழகைக் கெடுக்கிறது என்று டிவிக்குப் பின்னாலோ ஷோகேஸுக்குள்ளோ ஒளித்து வைப்பவர்களும் உண்டு. இரும்பு பீரோ, கண்ணாடியின் பின்பூச்சு, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாமே சிக்னலைத் தடுக்கும் அல்லது உறிஞ்சும். வீட்டின் நடுப்பகுதியில், திறந்த இடத்தில், நெஞ்சுயரத்துக்கு மேலே ரவுட்டர் இருக்கட்டும். வயர் போடும் நாளிலேயே சில மீட்டர் கூடுதலாக இழுக்கச் சொல்லிவிடுங்கள். பெட்டியை நகர்த்த முடியாதென்றால் அங்கிருந்து லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். 100 மீட்டர் வரை தாங்கும். ஆன்டெனாவின் சிக்னல் நுனியிலிருந்து பாய்வதில்லை, பக்கவாட்டில்தான் பரவும். ஒரே தளம் என்றால் நிமிர்த்தி வையுங்கள், போதும்.

வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் (பேண்ட்) ஓடுகிறது. எல்லாவற்றையும் 2.4இல் ஓட்டுவதும் வழக்கமான தவறு. அது தூரம் போகும், சுவர் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சுருங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் சில போன்கள் 2.4ஐயே பிடித்துக்கொண்டு விடாது. நான் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறேன். ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் டிவி, லேப்டாப் 5இல்; ஸ்மார்ட் பிளக், தூரத்துக் கேமரா 2.4இல்.

ஒரு பேண்டுக்குள் இருக்கும் பாதைகள்தான் சேனல்கள். அபார்ட்மென்ட்வாசிகள் 2.4இல் "யாருமே இல்லை" என்று சேனல் 3 அல்லது 4க்கு மாற்றுவார்கள். அது இருபக்கமும் அடி வாங்குகிற இடம். சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11. அவற்றில் நெரிசல் குறைந்ததை எடுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் விடுங்கள், 40க்கு ஆசைப்பட வேண்டாம்.

ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) வாங்கியவர்கள் அதைச் சிக்னலே வராத அறையில் செருகிவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். காதில் விழாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? நடுவழியில், சிக்னல் நன்றாக வரும் இடத்தில் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினாலும் ஒரே பேண்டில் கேட்டு அதிலேயே பேசுகிற ரகத்தில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதற்குப் பதில் லேன் கேபிள் இழுத்து, மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக) மாற்றுவது செலவும் குறைவு, பலனும் அதிகம்.

கடைசியாக, யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடம்: ரவுட்டரின் செக்யூரிட்டி செட்டிங். வைஃபையைப் பூட்டும் பழைய முறைகளான 'டபிள்யூஇபி' அல்லது 'டிகேஐபி'யிலேயே கிடந்தால் பாதுகாப்பும் போச்சு, வேகமும் பெரும்பாலும் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். புதிய முறைகளான 'டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்' அல்லது 'டபிள்யூபிஏ3'க்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது.