இங்கிலீஷ் பழகுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமா அந்த ‘ஹேட்’ (had)

கொஞ்ச காலமா புதுசா இங்கிலீஷ் பேசப் பழகுறவங்களோட உக்காந்து ப்ராக்டிஸ் பண்ணிட்டிருக்கேன். வயசும் வேலையும் ஆளுக்கு ஆள் வேறயா இருந்தாலும் தப்பு மட்டும் அதே தப்புதான், ஆரம்பத்துல நான் பண்ணதும் இதுங்களைத்தான், அதனாலதான் எழுதிடலாம்னு தோணுச்சு. ‘ஹி டோன்ட் நோ’, ‘டிட் யூ வென்ட்’ மாதிரி விஷயமெல்லாம் இங்க எடுக்கல, யாராவது ரெண்டு தடவ திருத்துனா அது தானா போயிடும். காதுக்குச் சரியா கேக்குற, யாரும் திருத்தாத தப்புதான் வருஷக்கணக்கா கூடவே வருது.

வார்த்தைக்கு எதிர்ல ஒரு தமிழ் அர்த்தம் எழுதி மனப்பாடம் பண்றது

‘டிசிஷன்னா முடிவு, மிஸ்டேக்னா தப்பு’ன்னு நோட்டு முழுக்க எழுதி வச்சிருப்பாங்க, ஆனா பேசப் போனா நிப்பாங்க, ஏன்னா தமிழ்ல எதுக்கும் ‘பண்ணு’ சேத்துட்டா வேலை முடிஞ்சிடும், இங்கிலீஷ்ல ‘மேக் எ மிஸ்டேக்’, ஆனா ‘டூ மீ எ ஃபேவர்’, ஆனா ‘டேக் எ பிரேக்’. எந்த வார்த்தை எதோட வரும்ங்கிறதையும் சேத்துத்தான் படிக்கணும். தனி வார்த்தையா எழுதாம நீங்க நிஜமாவே சொல்லப்போற ஒரு வாக்கியமா எழுதுங்க.

இன்னொன்னு, கஷ்டமான வார்த்தை தெரிஞ்சா இங்கிலீஷ் தெரியும்னு ஒரு நெனப்பு. தள்ளிப்போடுறதுக்கு ‘ப்ரோக்ராஸ்டினேட்’ தெரிஞ்சவருக்கு ‘புட் ஆஃப்’ தெரியாது, பொறுத்துக்கிறதுக்கு ‘டாலரேட்’ தெரியும், ‘புட் அப் வித்’னு யாராவது சொன்னா முழிக்கிறாங்க. 1953லயே மைக்கேல் வெஸ்ட்னு ஒரு இங்கிலீஷ் ஆசிரியர் அதிகமா புழங்குற சுமார் 2000 வார்த்தைகளை ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்னு தொகுத்தாரு, 2013ல அதோட புது வடிவமும் வந்துச்சு, சுமார் 2800 வார்த்தை. மொதல்ல அதை முடிங்க, ‘கெட்’, ‘புட்’, ‘டேக்’ இந்த மூணுலயே பல மாச வேலை இருக்கு.

எதுக்கெடுத்தாலும் ‘ஹேட்’ போடுறது

இதைப் பாத்தா எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வருது. நல்லா படிச்சவங்க, மெயில் எழுதுறவங்க, இன்டர்வியூவுக்குத் தயாராகுறவங்க, இவங்கதான் இதை அதிகமா பண்றாங்க. ‘ஐ ஹேட் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2021’, ‘ஐ ஹேட் சென்ட் த மெயில் எஸ்டர்டே’, ‘ஐ ஹேட் கான் டு எ வெட்டிங் லாஸ்ட் வீக்’. வெறும் ‘சென்ட்’னு சொன்னா ஏதோ கம்மியா தெரியுது, ‘ஹேட் சென்ட்’னா மரியாதையா இருக்குன்னு ஒருத்தர் எங்கிட்டயே சொன்னாரு.

இது எங்க இருந்து வருதுன்னா நம்ம தமிழ்ல இருந்துதான். ‘போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்’, ‘நேத்தே மெயில் அனுப்பியிருந்தேனே’ன்னு நாம சாதாரணமா சொல்றோம், தமிழ்ல அது தனியா நிக்கும், ஒரு குறையும் இல்ல. அந்த ‘இருந்தேன்’ அப்படியே ‘ஹேட்’ ஆயிடுது. இங்கிலீஷ்ல ‘ஹேட்’ தனியா நிக்காது. நடந்து முடிஞ்ச ஒரு விஷயம் இருக்கணும், அதுக்கும் முன்னாடி நடந்த இன்னொன்னைச் சொல்லத்தான் அது. நீங்க ‘ஹேட்’னு ஆரம்பிச்சா கேக்குறவர் ‘சரி, அப்புறம் என்ன ஆச்சு’ன்னு காத்திருப்பாரு.

வேலைக்குச் சேந்த புதுசுல எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், ராத்திரி உக்காந்து ஒரு கோளாறை ஒழுங்கா சரி பண்ணிட்டு காலையில க்ளையன்ட்டுக்கு ‘வி ஹேட் ஃபிக்ஸ்ட் த இஷ்யூ எஸ்டர்டே’ன்னு ஒரே வரி அனுப்புனான். படிச்சவருக்கு எப்படிப் புரிஞ்சிதுன்னா, நேத்து சரி பண்ணியிருந்தாங்க, இப்ப மறுபடி போச்சு போலன்னு. உடனே அவசர மீட்டிங், மேல இருக்கிறவங்க எல்லாம் லைன்ல, இவன் வெலவெலத்துப் போய் விளக்கம் சொல்லிட்டிருக்கான். ‘வி ஃபிக்ஸ்ட் இட் எஸ்டர்டே’ன்னு எழுதியிருந்தா அவனுக்குப் பாராட்டு கெடச்சிருக்கும். வேலையும் சரி, உழைப்பும் சரி, ஒரு ‘ஹேட்’ அதைக் கெடுத்துடுச்சு.

இதுல இன்னும் குழப்பம் என்னன்னா, ‘ஹேட்’ நிஜமா வேண்டிய எடத்துல தமிழ்ல பல நேரம் ‘இருந்தது’ வராது. ‘நான் போறதுக்குள்ள ட்ரெயின் போயிடுச்சு’ன்னுதான் சொல்றோம், இங்கிலீஷ்ல அது ‘பை த டைம் ஐ காட் தேர், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’. ஆக தமிழ வச்சு ‘ஹேட்’டைப் பிடிக்கப் போனா ரெண்டு பக்கமும் தப்பாகும். ஒத்துப்போற எடம் ஒன்னு இருக்கு, ‘தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்’, ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’, அங்க தைரியமா போடுங்க.

எழுதி முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதுக்கு அப்புறம் நடந்து முடிஞ்ச வேற ஏதாவது பேச்சுல இருக்கா? இல்லன்னா ‘ஹேட்’டை அடிங்க. ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2021’ மாதிரி நேரம் சொல்லிட்டா பெரும்பாலும் வெறும் பாஸ்ட் டென்ஸே போதும். ‘ஐ ஹேட் லஞ்ச்’ வேற, அங்க ‘ஹேட்’டே சாப்பிட்டதைச் சொல்ற வெர்ப், அதைத் தொட வேண்டாம்.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’

‘2019ல இருந்து இங்க வேலை பாக்குறேன்’ங்கிறதோட நகல் இது. அப்ப ஆரம்பிச்சு இப்பவும் ஓடுதுன்னா ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’. எப்பலேர்ந்துன்னா ‘சின்ஸ்’, எவ்வளவு காலமான்னா ‘ஃபார்’.

12 டென்ஸ் டேபிள்

ஒரே வாரத்துல பன்னெண்டையும் முடிக்காதீங்க, சிம்பிள் பாஸ்ட் வாயில ஓடுற வரைக்கும் மத்தது காத்திருக்கட்டும்.

‘நோ’ (know), ‘வாண்ட்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’

இதுங்களுக்கு ‘இங்’ போடாதீங்க.

ஆக்சென்ட்

இப்போதைக்கு விடுங்க.

இல்லன்னு கேட்டா ‘எஸ்’னு தலையாட்டுறது

பேச்சுல இது அடிக்கடி ஆளைக் கவுக்கும், ஏன் கவுந்துச்சுன்னும் தெரியாது. ‘உனக்குக் காபி வேண்டாமா?’ன்னு கேட்டா தமிழ்ல ‘ஆமா, வேண்டாம்’னு சொல்லலாம், கேட்டவர் சொன்னதை ஒத்துக்கிறோம். ‘டோன்ட் யூ வாண்ட் காஃபி?’ன்னா அந்த ‘ஆமா’ செல்லாது. வேணும்னா ‘எஸ், ஐ டூ’, வேண்டாம்னா ‘நோ, ஐ டோன்ட்’, கேள்வி எப்படி வந்தாலும் இதான். வெறும் ‘எஸ்’ சொல்லிட்டு நிறுத்துனா காபி வந்துடும். ‘டிட்ன்ட் யூ கெட் மை மெசேஜ்?’னு மேனேஜர் கேக்கும்போது ‘ஆமா, வரல’ன்னு மனசுல நெனச்சு வாயில ‘எஸ்’ சொன்னா, மெசேஜ் வந்தும் வேலையை முடிக்கலன்னு ஆயிடும். இதுக்கு ஒரு வழி, கொஞ்ச நாளைக்கு ‘எஸ்’ஸையும் ‘நோ’வையும் தனியா விடாதீங்க, பின்னாடி அந்த ரெண்டு வார்த்தையை, ‘ஐ டிட்’, ‘ஐ டிட்ன்ட்’, சேத்தே சொல்லிப் பழகுங்க. ஜோடி பொருந்தலன்னா உங்க காதுக்கே தெரியும், அங்கயே மாத்திச் சொல்லிடலாம்.