மீனில் வெள்ளைப்புள்ளி: கல் உப்பும் சூடும்

மார்கழிப் பனியில் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்தை ஒட்டி வைத்த தொட்டித் தண்ணீர் ராத்திரியில் சட்டென்று குளிர்ந்துவிடும். புதுமீனோடு வந்த ஒட்டுண்ணிக்கு அது தோது. துடுப்பில் ரவை தூவினாற்போல் புள்ளிகள் தெரியும். மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும்.

தோலுக்குள் புள்ளியாக இருக்கும் ஒட்டுண்ணியை எந்த மருந்தும் தொடாது. அது உதிர்ந்து, அடியில் கிடந்து பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும்போதுதான் சாகும். மூன்றாம் நாளே புள்ளி மறைந்ததென்று நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்புவது இதனால்தான்.

ஹீட்டர் போட்டு, ஒரு நாளைக்கு 2 டிகிரிக்கு மேல் போகாமல் 30 வரை ஏற்றுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். ஏர் பம்ப் ஓடியே ஆகவேண்டும். தங்கமீனுக்கு 28 போதும்.

லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு. 50 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம். கரைத்து, 12 மணி நேர இடைவெளியில் இரண்டு பாதியாக ஊற்றுங்கள். செடிகளும் கோரிடோராஸ் என்னும் அடிமட்டக் கெளுத்தி வகை மீனும் இருந்தால் பாதி அளவே நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கல்லில் உள்ள அழுக்கை உறிஞ்சி 10 லிட்டர் தண்ணீர் மாற்றி, புதுநீருக்கு மட்டும் 20 கிராம் சேருங்கள். ஆவியான நீருக்கு வெறும் தண்ணீர் போதும், உப்பு ஆவியாவதில்லை. குழாய்நீரென்றால் குளோரின் நீக்கியது.

கடை மருந்து போடுவதானால் ஃபில்டரில் உள்ள கரியை எடுத்துவிடுங்கள். மருந்தை அது குடித்துவிடும். கடைசிப் புள்ளி மறைந்தபின் இன்னும் ஒரு வாரம் தொடரவேண்டும்.