ஐரோப்பாவில் ரயிலில் எல்லை தாண்டுகிறீர்களா? கோட்டை விடும் இடங்கள் இவை

தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்குள் ஓடும் ரயிலில் எல்லை எப்போது வந்து போனது என்பதே பல நேரம் தெரியாது. ஆனால் அங்கே ரயில் கம்பெனி மாறுகிறது, டிக்கெட் விதி மாறுகிறது, சில சமயம் சிம் கார்டும் படுத்துவிடுகிறது. வெளிநாட்டுப் பயணிகளின் பணம் கரைவது பெரும்பாலும் இதனால்தான்.

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் பொதுவான யூரெயில் பாஸ் கையில் இருந்தால் எதிலும் ஏறலாம் என்று நினைப்பது முதல் தவறு. பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டுமே, சீட் அதில் சேராது. ஜெர்மனிக்குள் ஓடும் ஐசிஇ அதிவேக ரயிலில் ரிசர்வேஷன் இல்லாமலே ஏறிக்கொள்ளலாம். பிரான்ஸின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா போன்ற அதிவேக ரயில்களில் தனியாகப் பணம் கட்டி சீட் எடுத்தே ஆகவேண்டும். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் சீட்டுகளும் குறைவு. வண்டி பாதி காலியாக இருந்தாலும் 'பாஸுக்கு இடமில்லை' என்று சொல்லிவிடுவார்கள். கோடை விடுமுறையில் போவதென்றால் பாஸ் வாங்கும் முன்பே சீட் நிலவரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. சீட் கிடைக்காவிட்டால் உள்ளூர் ரயில்கள் கைகொடுக்கும். உதாரணமாக பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து சுவிட்சர்லாந்தின் எல்லை நகரான பாசலுக்கு ஓடும் பிராந்திய ரயிலில் ரிசர்வேஷனே கிடையாது.

மொபைல் செயலியில் வரும் யூரெயில் பாஸில் இன்னொரு வம்பு. வண்டி ஏறும் முன் அன்றைய பயணத்தைச் செயலியில் சேர்த்துவிட வேண்டும். 3 நாளுக்கு ஒருமுறையாவது செயலி இணையத்தைத் தொட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வாங்கிய சிம் சுவிட்சர்லாந்தில் வேலை செய்யும் என்ற உத்தரவாதமில்லை. சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. டிக்கெட்டுகளை முதலிலேயே தரவிறக்கி வையுங்கள்.

அடுத்தது பெரிய சங்கதி: மலிவாக இருக்கிறதே என்று பயணத்தைத் துண்டு துண்டாக வாங்குவது. ஃபிராங்க்பர்ட்டிலிருந்து பாசலுக்கு ஒரு டிக்கெட், பாசலிலிருந்து மிலானுக்குத் தனியாக இன்னொரு டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் வண்டி 40 நிமிடம் தாமதமானால் மிலான் வண்டி போயிருக்கும். இரண்டாவது டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் சலுகை டிக்கெட்டாக இருந்தால் அது வெறும் காகிதம்தான். அதை விற்ற கம்பெனிக்கு உங்கள் முந்தைய ரயிலைப் பற்றிக் கவலையில்லை. இது எப்போதாவது நடப்பதும் அல்ல. 2024ல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு ஓடின. 6 நிமிடத்துக்குள் வரும் தாமதத்தை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை! அளவுக்கு மீறித் தாமதமாகும் ஜெர்மன் ரயிலை சுவிஸ் ரயில்வே பாசலிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு.

முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இணைப்பு ரயில் தவறினாலும் அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி போய்ச் சேர 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடமானால் 50 சதவீதமும் இழப்பீடு கேட்கலாம். கடும் புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. பிரித்துத்தான் வாங்குவேன் என்றால் நடுவில் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். அன்றைய கடைசி வண்டியை இணைப்பாக வைக்கவே வைக்காதீர்கள்.

பாசலில் இன்னொரு பொறி. ஜெர்மனியிலிருந்து வரும் வண்டி முதலில் நிற்பது பாசல் பாட் நிலையம். சுவிஸ் ரயில்கள் புறப்படும் பாசல் எஸ்பிபி சில நிமிடம் கழித்துத்தான் வரும். பெயரைப் பார்த்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். பாரிஸிலோ திசைக்கு ஒரு நிலையம் (பிரெஞ்சில் 'கார்' என்றால் ரயில் நிலையம்): லண்டனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் கார் து நோர், ஜெர்மனிக்குப் பெரும்பாலும் கார் தெ லெஸ்ட், சுவிஸுக்கும் பார்சிலோனாவுக்கும் கார் தெ லியோன். நோரிலிருந்து லியோனுக்கு ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயில் தடத்தில் இரண்டே நிறுத்தம்தான். ஆனாலும் லக்கேஜோடு மாற ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரவு ரயில்களில் பெட்டி எண்ணைப் பார்க்காமல் படுக்கக் கூடாது. வழியில் வண்டியைப் பிரித்து வேறு வேறு ஊர்களுக்கு அனுப்புவார்கள்.

பாஸ்போர்ட்டை ஓட்டலில் விட்டுவிட்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் மியூனிக்குக்கு ஒருநாள் பயணம் கிளம்பாதீர்கள். 2024 செப்டம்பர் 16ல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. போலீசார் வண்டிக்குள் ஏறியே ஆவணம் கேட்பார்கள். மொபைலில் எடுத்த படம் செல்லாது.

லண்டன் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். கார் து நோரில் ரயில் ஏறும் முன்பே பிரெஞ்சு அதிகாரியின் வெளியேற்றச் சோதனை, அதையடுத்து பிரிட்டிஷ் அதிகாரியின் நுழைவுச் சோதனை, பெட்டிகளுக்கு ஸ்கேன் எல்லாம் முடிந்துவிடும். சாதாரண வகுப்புக்கு நுழைவாயிலை 30 நிமிடம் முன்னதாகவே மூடிவிடுவார்கள். அந்த வெளியேற்றத்தோடு ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா தீர்ந்துபோகும், திரும்ப பாரிஸுக்கு வர முடியாது. பன்முறை விசா கேளுங்கள். இல்லையென்றால் லண்டனைக் கடைசியில் வைத்து அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏறும்படி டிக்கெட் போடுங்கள்.