முதல் மூன்று வாரம் பசையைத் தொடாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விமான மாதிரி செய்பவர்கள் நாங்கள் கூடும் மாடி அறைக்குப் புதிதாக வந்த பையன் ஒரு பெரிய பெட்டியை மேசைமேல் வைத்தான். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் விமான மாதிரியின் கிட் அது: டாமியா நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர், மார்க் 8, இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானம்; 1/32 அளவு, அதாவது அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. "சார், இதை எத்தனை நாளில் முடிக்கலாம்?" என்று கேட்டான். அறையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "முதல் மூன்று வாரம் பசை பாட்டிலைத் திறக்காதே. அப்புறம் நாள் கணக்குப் பேசலாம்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். அவனுக்கு அன்று வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருக்கிறேன். பல்செட் செய்யும் லேபில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். விமானப்படையின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஊர் என்பதால், ஆசை எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. மனைவி இதைப் 'பொம்மை வேலை' என்பாள். நானும் மறுத்ததில்லை.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் 1/72 அளவில்தான் தொடங்குகிறோம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதிலிருந்து 1/32க்குப் போனால் நீளம் 2.25 மடங்குதான் கூடுகிறது. ஆனால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு 5 மடங்கு, அலமாரியில் அடைக்கும் இடம் 11 மடங்கு. ஸ்பிட்ஃபயரின் இறக்கை இந்த அளவில் நுனிக்கு நுனி 35 சென்டிமீட்டர் வரும். குறையும் அதே வேகத்தில் வளர்கிறது. இரண்டு பாகங்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளியை விட்டுவிட்டால், அசல் விமானத்தில் அது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். விமானியின் கட்டைவிரல் நுழைந்துவிடும் ஓட்டை. சின்ன அளவில் கண் மன்னித்துவிடுவதைப் பெரிய அளவில் மன்னிக்காது. மற்றபடி பாகங்கள் கைக்குப் பெரிதாக இருப்பதால், என்னைப் போல் வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இதுதான் சௌகரியமான அளவு.

பெட்டியைத் திறந்ததும் பாகங்கள் இருக்கும் சட்டங்களை எண்ணி, குறிப்பேட்டில் உள்ள பட்டியலோடு சரிபாருங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசும் எண்ணெய்ப் பசை மேலே ஒட்டியிருக்கும். அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பல்செட்டிலும் இதே கதைதான். சூடான தண்ணீர் கூடாது; இறக்கை வளைந்துவிடும்.

அடுத்து வருவதுதான் அந்த மூன்று வாரம். பாகங்களை வெட்டி எடுத்து, பசையில்லாமல் மாஸ்கிங் டேப்பால் மட்டும் ஒட்டி, விமானத்தை ஒருமுறை முழுசாக நிறுத்திப் பார்க்க வேண்டும். வெட்டும்போது பாகத்தை ஒட்டியே வெட்டாதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டி, அந்த மிச்சத்தைப் பிளேடால் சீவி, கடைசியில் 600 எண் உப்புத்தாளால் தேயுங்கள். ஒட்டியே வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்து, உள்ளே கிள்ளுப்பட்ட மாதிரி குழி விழும். உடலின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து விளக்கின்முன் காட்டுங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே பென்சிலால் குறி. விமானி உட்காரும் காக்பிட்டை உள்ளே வைத்தபின் மறுபடி சேர்த்துப் பாருங்கள். முன்பு மூடிய உடல் இப்போது மூட மறுக்கும். காக்பிட்டின் சுவர் எங்கோ ஒரு நூலளவு தடிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். ஒட்டியபின் இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்கிறார்கள்.

தேய்க்கும் விஷயத்தில் என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேபில் பல்செட்டை மெருகேற்றும் மைக்ரோமோட்டார் கையில் இருக்கிறதே என்ற கர்வத்தில், இறக்கையின் பின்விளிம்பை மெலிதாக்க அதை ஓட்டினேன். பல்செட் அக்ரிலிக் தாங்குகிற வேகத்தைக் கிட்டின் பிளாஸ்டிக் தாங்காது. மூன்று விநாடியில் விளிம்பு உருகி, கருகாத அப்பளம் போலச் சுருண்டுவிட்டது. அதைச் சரிசெய்ய எட்டு நாள் ஆயிற்று. தண்ணீர் தொட்டுக் கையால் தேயுங்கள். தூசியும் பறக்காது.

பசைக்கு வருவோம். தண்ணீர்போல ஓடும் மெல்லிய பசையைத்தான் நான் பயன்படுத்துகிறேன். அது ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரண்டு பாகங்களையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்புக் கோட்டின் ஓரிடத்தில் தொட்டால் போதும்; பசை தானாகக் கோடு முழுக்க ஓடிவிடும். பத்து விநாடி கழித்து மெதுவாக அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாக வெளியே பிதுங்கும். அதைப் பார்த்துப் பதறி விரலால் துடைக்காதீர்கள்; துடைத்தால் உங்கள் கைரேகை விமானத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். நன்றாக இறுகிய பிறகு அந்த வரப்பைச் சீவி 600, 1000 என்று தேய்த்தால், பல இடங்களில் பட்டி பார்க்கும் வேலையே இருக்காது. கண்ணாடிப் பாகங்கள் பக்கம் இந்தப் பசையையும் கொண்டுபோகாதீர்கள், உடனடியாக ஒட்டும் சூப்பர் பசையையும் கொண்டுபோகாதீர்கள். சூப்பர் பசையின் ஆவி பட்டே கண்ணாடி பனிமூட்டமாகிவிடும். அதற்கு மரவேலைக்கான வெள்ளைப் பசை போதும்.

இறக்கை இரு தனித் துண்டாக வரும் கிட்களில் சாய்மானத்தை, அதாவது இறக்கை மேல்நோக்கிச் சாயும் கோணத்தை, சோதிக்காமல் விடாதீர்கள். ஸ்பிட்ஃபயர் அளவு விமானத்தில் ஒரு பாகை பிசகினால் நுனியில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். சமதளக் கண்ணாடிமேல் விமானத்தை நிறுத்தி, இரண்டு நுனிகளுக்கும் கீழே தீப்பெட்டிகளை அடுக்கி ஒப்பிடுங்கள். பிறகு வாலின் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். ஸ்கேலுக்குத் தப்பும் கோணல் கண்ணுக்குத் தப்பாது.

அடுத்தது பெயின்ட். வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் கணக்கு சென்னையில் செல்லுபடியாகாத இடம் இது. அக்ரிலிக் பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஏர்பிரஷ் என்னும் சிறு தெளிப்பானின் 0.3 மில்லிமீட்டர் முனையில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ காற்றழுத்தத்தில் அடி என்பார்கள். மே மாதத்தில் அப்படி அடித்தால், பெயின்ட் விமானத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு சேர்த்து, காலை ஏழு மணிக்கு முன்பு அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை நேர்மாறு. அடைமழை நாள் ஒன்றின் சாயங்காலம், பொறுக்கமாட்டாமல் லாக்கர் வார்னிஷ் அடித்தேன். கண்ணெதிரே பச்சை இறக்கை மேல் வெள்ளை படர்ந்தது, தயிர் கொட்டியது போல. ஈரப்பதம் செய்த வேலை. வெயில் அடித்த பிறகு, ரிடார்டர் கலந்த தின்னரைப் பனித்துளியாகத் தூவியதும் பெரும்பகுதி தெளிந்தது. இடது இறக்கை ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கேட்பவர்களிடம் பனி என்று சொல்லிவிடுவேன்.

ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரெஸர் வாங்குபவர்கள் இரண்டைப் பார்த்து வாங்குங்கள். ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் நம் ஊர்க் காற்றிலிருக்கும் தண்ணீர் பெயின்டோடு சேர்ந்து துப்பும். காற்றுத் தொட்டியும் இருக்க வேண்டும். பாதி இறக்கையில் கரண்ட் போனால், தொட்டியில் மிச்சமிருக்கும் காற்றில் மீதியை முடித்துவிடலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவியைத் தடுக்கும் முகமூடி போடுங்கள். துணி முகமூடி தின்னருக்கு உதவாது.

நிறம் எது என்று தொடங்கினால் எங்கள் அறையில் காபி ஆறிப்போகும். பையன் தன் விமானத்தை 1945இல் பர்மா முனையில் இருந்த இந்திய விமானப்படையின் 8ஆம் படைப்பிரிவு விமானமாகச் செய்யப்போகிறான். அங்கே ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, வழக்கமான வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பை நீக்கி, கருநீலமும் வெளிர்நீலமுமாகச் சிறிதாகப் போட்டார்கள். ஆகவே கிட்டோடு வரும் டீகாலில், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களில், தேவையானது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அவன் டெல்லியில் பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கும் மார்க் 8 விமானத்தின் படங்களைக் கொண்டுவந்திருந்தான். என்.எச் 631 என்ற எண் கொண்டது. வடிவத்துக்கும், ஆணிவரிசைக்கும், உள்ளிழுக்கும் வால்சக்கரத்துக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நிறத்துக்கு மட்டும் அதை நம்பாதே என்றோம். அருங்காட்சியக விமானம் பின்னாளில் பெயின்ட் அடிக்கப்பட்டது. அடித்தவர் கையில் எந்த டப்பா இருந்ததோ யார் கண்டார்கள்.

எங்களில் ஒருவர் விமானப்படையில் கிரண் என்னும் பயிற்சி விமானங்களின் உடல்பகுதியைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பறந்து பழசான தோற்றம் வர அழுக்கேற்றும் விஷயத்தில் அவர் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். "எந்த இடத்தில் கால் வைப்பான், எந்த இடத்தில் எண்ணெய் ஊற்றுவான், எந்த மூடியை தினமும் திறப்பான். இந்த மூன்றையும் தவிர வேறெங்கும் பெயின்ட் உதிராது" என்பார். ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கம் இருக்கிறது. அப்படியானால் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான் பூட்ஸ் தேய்ந்து அலுமினியம் தெரிய வேண்டும். வலப்பக்கமும் அதே அளவு தேய்த்து வைத்தால், விமானி எந்தப் பக்கமாக இறங்கி ஓடினான் என்று கேட்பார். வெள்ளிப் பெயின்டைக் கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டில் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் விமானத்தில் ஒற்றுங்கள்.

டீகால் ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். பளபளப்பில்லாத சொரசொரப்பு மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளியாக மினுங்கும். ஒட்டியபின் மென்மையாக்கும் திரவத்தைத் தடவினால் டீகால் சுருங்கும். தொடாதீர்கள், தானே படிந்துவிடும். எல்லாம் முடிந்து கடைசியில் மங்கல் வார்னிஷ்.

பிறரிடம் கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனியாக உட்கார்ந்து இவ்வளவு பெரிய கிட்டை முடித்தவர்கள் குறைவு. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "அருமை" என்றுதான் பதில் வரும், அதனால் ஒரு பயனும் இல்லை. பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமர் அடித்ததும், சாய்வான வெளிச்சத்தில், இணைப்புக் கோடு தெரிகிற மாதிரி வைத்துக் காட்டுங்கள். என்ன பெயின்ட், எதில் கரைத்தீர்கள், அன்று மழையா வெயிலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் அறையில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: குறையைப் பிரைமர் நிலையிலேயே சொல்லிவிட வேண்டும். வார்னிஷ் அடித்தபின் சொன்னால் அதற்குப் பெயர் ஆலோசனை அல்ல, வயிற்றெரிச்சல். இன்னொருவர் விமானத்தைக் கேட்காமல் தொடுவதும் இல்லை; கேட்டாலும் இறக்கையைப் பிடித்துத் தூக்குவதில்லை.

பையன் நேற்று வந்திருந்தான். டேப் சுற்றிய ஸ்பிட்ஃபயர், கட்டுப் போட்ட நோயாளி மாதிரி மேசைமேல் நின்றது. விளக்கில் காட்டி, உடலின் அடிப்பக்கம் பென்சிலால் குறித்த இரண்டு இடங்களைக் காண்பித்தான். மூன்றாவது இடம் ஒன்றை நான் காட்டினேன். பசை பாட்டில் இன்னும் சீல் பிரிக்கப்படவில்லை.