மலை ரயிலுக்காக மனு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மண்சரிவில் அடிக்கடி நின்றுபோகும் ஊட்டி ரயிலுக்காக ஒரு மனு எழுதி, திருத்தித் தரச் சொல்லி காரைக்குடிக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கொண்டுவந்தார்கள். நல்ல ஆர்வம். ஆனால் ரயில் மனுக்களில் வருஷக்கணக்காக நான் பார்க்கும் அதே ஓட்டைகள். தேதி போடாதது, கையெழுத்து விட்டுப்போனது எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

'தற்காலிக நிறுத்த'த்துக்குத் தலையாட்டுவது

இதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. 'பணி முடியும் வரை ரயிலை நிறுத்திக்கொள்ளலாம்' என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எந்தத் தேதி வரை?

நம் காரைக்குடி–திருவாரூர் பாதையைப் பாருங்கள். அகலப்பாதைப் பணிக்காக 2012-ல் ரயில் நின்றது. முழுப் பாதையிலும் மறுபடி ஓட 2019 ஆகிவிட்டது. அதற்குள் அறந்தாங்கி, பேராவூரணி சனங்கள் பஸ்ஸுக்குப் பழகியாயிற்று. வந்த ரயிலிலும் கேட் கீப்பர்கள் கூடவே பயணம் செய்தார்கள். ஒருவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார். ரயில் தாண்டி நிற்கும். இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார். அவசரத்துக்குப் போகிறவர் அதில் எப்படி ஏறுவார்?

சமவெளியிலேயே இந்தக் கதி. மூணாறில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் போனது, திரும்பவே இல்லை. மகாராஷ்டிரத்தின் மாத்தேரான் பாதை 2019 மழையில் சேதமானபோது, மேலே மாத்தேரானிலிருந்து அமன் லாட்ஜ் நிலையம் வரையிலான துண்டில் ரயிலை ஓட்டினார்கள். 2022-ல் கீழே நேரல் வரை மறுபடி திறந்தது.

அதனால் மனுவில் இரண்டைக் கட்டாயம் கேளுங்கள்: பணி முடியும் தேதி, அதுவரை மிச்சப் பாதையில் ரயில். ஊட்டிப் பாதையில் இது நடக்கிற காரியம்தான். செங்குத்தில் இன்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் பல் தண்டவாளம், மலையடிவாரக் கல்லாறு முதல் குன்னூர் வரைதான். அதற்கு மேல் டீசல் இன்ஜினே இழுத்துவிடும். கீழே மண் சரிந்தாலும் குன்னூர்–ஊட்டி ரயிலை நிறுத்த விடாதீர்கள்.

அகலப்பாதை கேட்பது

12 அடிக்கு ஓர் அடி ஏறும் மலையில் வேண்டவே வேண்டாம்.

யுனெஸ்கோ பெயரையே பக்கம் பக்கமாக எழுதுவது

உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்த அங்கீகாரம் 2005-லேயே கிடைத்தது. ஒரு வரி போதும்.

இன்ஜினை மறந்துவிடுவது

பல்சக்கர நீராவி இன்ஜினைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதைக் கையாளத் தெரிந்தவர்கள் ஓய்வுபெறும் முன்பே இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி, மனுவில் தனிப் பத்தியாகவே கேளுங்கள்.