கையடக்க கேமராவை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலும் வெளியே போய், நல்ல வெயிலில் ஒரு பூவைப் படம் பிடிப்போம். திரையில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ‘அருமையான கேமரா’ என்று முடிவு கட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். அதே வாரம், ஒற்றை விளக்கு எரிந்த அறையில் அக்கா மகள் கைதட்டிச் சிரித்ததை எடுத்தேன். கைகள் இரண்டும் புகைபோலக் கலைந்திருந்தன. கன்னமெல்லாம் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை எடுக்கவும் முடியவில்லை.

வெயிலில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். வெளிச்சம் குறையும்போதுதான் அதன் உண்மையான பலமும் பலவீனமும் வெளியே வரும். சோதிப்பதை அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்த தவறு, மெகாபிக்சலை (படத்தில் எத்தனை மில்லியன் புள்ளிகள் என்ற எண்ணை) வைத்துத் தரத்தை முடிவு செய்வது. 12 மெகாபிக்சலிலிருந்து 20-க்குப் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தெளிவு கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் படத்தின் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கூடுவது சுமார் 30 சதவீதம்தான். பார்க்க வேண்டியது, லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் அளவு. விலை குறைந்த கையடக்க கேமராக்கள் பலவற்றில் இருப்பது 1/2.3 அங்குல வகை. அது சுமார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ‘1 அங்குல’ சென்சார் என்பதும் உண்மையில் ஒரு அங்குலம் கிடையாது. பழைய தொலைக்காட்சி கேமராக் குழாய்களின் அளவுமுறையிலிருந்து வந்த பெயர் அது. அதன் அளவு 13.2 × 8.8 மி.மீ. ஆனாலும் பரப்பில் முன்னதைப்போல நான்கு மடங்கு. அதனால் அதே நேரத்தில் அதிக வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். இருட்டில் புள்ளிகள் குறையும். இன்றைய நல்ல ஃபோன்கள் பலவற்றின் முதன்மைச் சென்சாரே 1/2.3 அங்குலத்தைவிடப் பெரியது. ஆகவே அந்த அளவு சென்சார் உள்ள கேமராவை ஜூமுக்காக வாங்கலாம்; இருட்டில் ஃபோனை மிஞ்சும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

ஜூமிலும் ஒரு கண் வேண்டும். ‘30 மடங்கு’ என்று பார்த்ததும் மனசு மயங்கிவிடுகிறது. முதலில், அது லென்ஸே நகர்ந்து பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம்தானா என்று பாருங்கள். டிஜிட்டல் ஜூம் வெறுமனே படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பிறகு லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும், அதன் திறப்பைக் குறிக்கும் எண்களை வாசியுங்கள்; எண் கூடினால் திறப்பு சிறியது. 3.3–6.4 என்று இருந்தால் எல்லோரும் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது எண் முழு ஜூமில் நடப்பதைச் சொல்கிறது: லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். அதே ஜூமில் கையின் நடுக்கமும் பெரிதாகத் தெரியும். லென்ஸில் 720 மி.மீ.க்கு இணையானது என்று குறிக்கும் நீண்ட ஜூமில் கை ஆடாத படம் வேண்டுமென்றால் 1/720 நொடி ஷட்டர் வேகம் (சென்சார்மேல் வெளிச்சம் விழும் நேரம்) தேவை என்பது பழைய கணக்கு. அதிர்வுத் தடுப்பு இருந்தால் அந்த வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் அது தாங்குவது உங்கள் கையின் ஆட்டத்தை மட்டும்தான். ஓடுகிற குழந்தையை அது நிறுத்தி வைக்காது.

கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. அந்த 3 அங்குலத்தில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். ஒரு செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ஆடாமல் நேராக வைத்து, ஜூம் இல்லாமல் ஒன்று, முழு ஜூமில் ஒன்று எடுங்கள். கணினியில் முழு அளவில் திறந்து நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளை வாசித்துப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே மாதிரி லேசாக மங்கினால் பரவாயில்லை, பல சின்ன லென்ஸ்களின் இயல்பு அது. இடது மூலைகள் தெளிவாகவும் வலது மூலைகள் குழைந்தும் இருந்தால், உங்கள் கையிலுள்ள கேமராவின் லென்ஸ் சரியாகப் பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பேட்டரி எத்தனை படம் தாங்கும் என்ற எண் குறிப்பிட்ட சோதனை முறையில் வருவது. வீடியோ எடுத்தால் அதை நம்ப முடியாது.

இதற்கு நேர்மாறாக, கேமராமேல் அநியாயமாகப் பழி போடுவதும் நடக்கிறது. லென்ஸில் விரல் ரேகை படிந்து படம் மங்கியிருக்கும். பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் பிடிக்கும்வரை காத்திருக்காமல் ஒரேயடியாக அழுத்தியிருப்போம். பின்னணி மங்கவில்லை என்று குறைப்படுகிறவர்களும் உண்டு. சின்னச் சென்சாரில் அது கடினம்தான். ஆனால் ஒரு வண்டைப் பக்கத்தில் போய் எடுங்கள், கொம்பு முதல் கால்வரை பெரும்பகுதி தெளிவாக இருக்கும். பெரிய கேமராவில் அதே தெளிவுக்கு அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, நன்றாகச் சுருக்க வேண்டியிருக்கும். எனக்கு இது பெரிய பலமாகவே படுகிறது.

வாங்கப் போகும்போது உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போங்கள். அனுமதி கேட்டு, கடையின் இருண்ட மூலையில் யாராவது நடக்கும்போது ஃப்ளாஷ் இல்லாமல் பத்துப் படம் எடுங்கள். அன்றே முடிவு சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்த அப்புறம் சொன்னால் போதும்.